விழுந்தவரைத் தூக்கும் ஆட்டம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் செல்போன் கடை மூடித்தான் இருக்கும். அதனால் இதில் யாருடைய வியாபாரமும் கெடவில்லை. ஜமாஅத் பெரியவர்கள் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அண்ணன் தாஜ் முகம்மது தம்மாமில் வேலை பார்த்தான். கல்யாணமான வருஷமே டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி இரண்டு வாங்கி, ஒன்றை மேலப்பாளையம் வீட்டில் மைனி ஸமீஹாவுக்கு வைத்துவிட்டுப் போனான். வெள்ளிதோறும் அவன் அங்கிருந்தும் அவள் இங்கிருந்தும் நெட்டில் சேர்ந்து பூதங்களை வாளால் வெட்டுவார்கள். அந்த ஆட்டத்தில் ஒருவர் விழுந்தால் மற்றவர் ஓடி வந்து, பக்கத்தில் நின்று தூக்கிவிட வேண்டும். தாமதித்தால் விழுந்தவர் கதை முடிந்தது.

ஜூன் மாதம் அண்ணன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தான். மூன்றாம் நாள் மவுத். செய்தி என் எண்ணுக்குத்தான் வந்தது. அங்கேயே அடக்கம் செய்ய நானே சம்மதம் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. உம்மாவுக்கு இருதயக் கோளாறு. ஸமீஹாவுக்கு இருபத்தாறு வயது. புருஷன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள், மறுமணப் பேச்சில்லாமல், ஓர் அறைக்குள் இத்தா இருக்க வேண்டும். அந்த நாட்களை அவள் அறியாமலே கழித்துக் கொடுப்போம் என்று நினைத்தேன்.

அண்ணனின் போனும் கேம் பெட்டியும் கடைக்கு வந்து சேர்ந்தன. போன் பூட்டைத் திறப்பது என் தொழில். தொண்டையில் ஆபரேஷன், பேசக்கூடாது என்று அவன் எண்ணிலிருந்து மைனிக்கு எழுதினேன். வெள்ளிக்கிழமைகளில் அவனாக நின்று வெட்டினேன். "என்ன மச்சான், பேச்சு நின்னதும் கை வேகம் கூடிட்டு" என்று எழுதினாள். அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

இத்தா நாள் தாண்டிய முதல் வெள்ளி. பெரிய பூதம் சாகிற நேரம் அவள் விழுந்தாள். இன்னும் இரண்டே வெட்டுதான். வெட்டி முடித்துவிட்டுத் திரும்பினேன். அவள் கிடந்த இடம் காலியாக இருந்தது. அண்ணன் இப்படிச் செய்ததே இல்லையாம். எந்தப் பூதமானாலும் விட்டுவிட்டு ஓடி வந்து, சேர்ந்து தோற்பானாம்.

அரை மணியில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தாள். மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அவுங்க என்னைக்கு மவுத்தானாங்க, தம்பி?"

தேதியைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணினாள்.

"கடைசியா எங்கிட்ட எதுவும் சொல்லச் சொன்னாங்களா?"

இல்லை என்றேன். பெரியவர்களே, உங்களிடம் மறைக்கவில்லை. விழுந்த மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். மூச்சு இரைத்தது. "லே அனஸ், ஸமீஹா போன் எடுக்க மாட்டேங்கா. அவகிட்ட குடுலே. ஒரு வார்த்தை போதும்." அவள் போன் என் கடையில் பழுதுக்குக் கிடந்தது. அவள் அடுக்களையில், நான் நின்ற இடத்துக்கு ஐந்து எட்டு தூரத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே போயிருக்கா என்றேன். அன்று நாலு தடவை கூப்பிட்டான். நாலாவது தடவை எடுக்கவில்லை.

இப்போது அவள் தாய்வீட்டு அறைக்குள் உட்கார்ந்து முதலிலிருந்து இத்தா எண்ணுகிறாள். மவுத்தான நாளிலிருந்துதான் கணக்கு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அண்ணன் மனைவியைத் தம்பி கட்டுவது நம்மில் புதிதல்ல. பாவம், விழுந்து கிடக்கிறாள். தூக்கிவிட என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்?