நாலுல ஒரு தடவை

இல்லல்ல, அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. எங்க விட்டேன்? ஆங், கேஷ். ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. டேட்டாபேஸ்கிட்ட ஒரு கேள்வி கேட்டா, வந்த பதிலை நம்ம லைப்ரரி, அதான் இந்தப் புரோகிராம், ஞாபகம் வெச்சுக்கும். அடுத்த ஆள் அதையே கேட்டா, டேட்டாபேஸ் வரைக்கும் போகாம எடுத்துக் குடுத்துடும். டேட்டாபேஸ்ல ஏதாவது மாறினா மட்டும் பழைய பதிலைத் தூக்கிப் போடணும். அவ்ளோதான். நானும் அக்காவும் அஞ்சு வருஷமா சேர்ந்து எழுதினது.

அக்கான்னா கூடப் பொறந்தவங்க இல்ல. நீங்க மேடம்னு கூப்பிடுறீங்களே, கண்ணாடி ரூம்ல, அவங்கதான். அவங்க பையன் முதன்முதல்ல எழுந்து நடந்தது எங்க வீட்டு ஹால்லங்க.

சரி, கோளாறுக்கு வர்றேன். அடுத்த மாச வேலைப் பட்டியலைத் திறந்தேன், என் பேரு இல்ல. திரும்பத் திறந்தா இருக்கு. இன்னொரு தடவை, இல்ல. எண்ணிப் பார்த்தேன், நாலு தடவைக்கு ஒரு தடவைதான் வருது. நம்ம சர்வர் நாலு பாருங்க, திறக்குற ஒவ்வொரு தடவையும் முறை வெச்சு ஒண்ணு பதில் சொல்லும், ஒவ்வொண்ணும் தனித்தனியா பதிலை வெச்சுக்கும். அப்போ மூணு சர்வர்ல கோளாறு, ஒண்ணு மட்டும் ஒழுங்குன்னு முடிவு பண்ணிட்டேன்.

அக்காகிட்ட காட்டினேன். ஸ்கிரீனையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. லைப்ரரி கோளாறுதான், உன்னை விட்டா யாருக்கும் பிடிபடாது, இந்த மாசத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுன்னாங்க. எனக்குப் பெருமைல தலைகால் புரியல. ஒன்பது நாள் அந்த மூணு சர்வரையும் பிரிச்சு மேஞ்சேன். பொண்ணுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு, வீட்டுக்காரரைப் போகச் சொல்லிட்டு இங்கயே உக்காந்திருந்தேன். மத்தியானமானா அக்கா வந்து தோள்ல கை வெச்சு, ஆச்சாடின்னு கேப்பாங்க.

ஏன் சிரிக்கிறீங்க? ஆமாங்க, முதல்ல டேட்டாபேஸைத்தான் திறந்து பார்த்திருக்கணும். நேத்து வந்த உங்களுக்கே தெரியுது. எனக்குத் தோணல. என் பேரு அங்க இருக்கான்னு நான் எதுக்குப் பார்க்கணும் சொல்லுங்க?

பத்தாம் நாள் பார்த்தேன். மூணும் சரியாத்தான் சொல்லியிருக்கு. அந்த நாலாவதுக்குத்தான் மாறிடுச்சுங்கிற சேதியே போகல, பாவம், பழைய பதிலையே சொல்லிட்டிருந்துச்சு. டேட்டாபேஸ்ல இருந்தே என் பேரை எடுத்தாச்சு. எடுத்தது அக்காவோட லாகின், பதினாலாம் தேதி. நான் அவங்க முன்னாடி போய் நின்னது பதினாறு.

வேலை போனா போகட்டும், இன்னொண்ணு கிடைக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் தேடுறதைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

ஆமா, உங்களுக்கு இந்த வேலைக்கு ஆர்டர் எப்ப வந்துச்சு? பன்னெண்டாம் தேதியேவா. ஐயோ, நீங்க ஏன் முகத்தை அப்படி வெச்சுக்கறீங்க, உங்க மேல என்ன தப்பு. இந்தாங்க டிராயர் சாவி, கொஞ்சம் அழுத்தித் திருப்பணும். நாலாவது சர்வரையும் காலைல சரி பண்ணிட்டேன். வேணா நீங்களே திறந்து பாருங்க, எத்தனை தடவை திறந்தாலும் இனிமே என் பேரு வராது.