கையில் கொடுக்காத கத்தி

கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் கூரைத் தொட்டுப் பார்க்கிறார்கள், ஐயா. பார்க்க வேண்டியது பிடியை. கூர் நாம் போட்டுக்கொள்வது. தகடு பிடிக்குள் பாதியோடு நின்றுவிட்டதா, கடைசிவரை ஓடுகிறதா, ஆணிகள் மூன்றும் ஆடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, தகட்டை விரலால் சுண்டிக் கேட்பது. நல்ல இரும்பு கொஞ்ச நேரம் முனகும். பளபளப்பானவை பெரும்பாலும் ஊமை. நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன். நடுவிலிருந்து தொடங்கினால் எனக்குச் சொல்ல வராது.

நானும் விசிலும் பதினோரு வருடம் மின்கம்பிப் பாதையில் புதர் வெட்டினோம். கம்பிக்குக் கீழே செடி கொடி ஆள் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய இடம் மறுபடி மண்டிவிடும். ஓயாத வேலை. வேலை நேரமெல்லாம் அவன் விசிலடித்துக்கொண்டே இருப்பான், அதனால்தான் அந்தப் பெயர். புதருக்குள் ஆள் தெரியாது. இரண்டு பேருக்கு நடுவே இரண்டு கை, இரண்டு கத்தி நீளமாவது இடைவெளி வேண்டும். அவன் எங்கே நிற்கிறான் என்று விசிலை வைத்துத்தான் கணக்குப் போடுவேன்.

அவனுக்குக் கூர் போட வராது. கற்றுக்கொள்ளவும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து கத்தியை என் கையில் கொடுப்பான். எங்கள் வேலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவன் கத்தியை அவனே கையில் கொடுத்தால்தான் தொடலாம். சுவரில் தொங்குவதை, தரையில் கிடப்பதை எடுக்கக்கூடாது. கொடுப்பவன் பிடிப்பக்கத்தை நீட்டி "வந்துச்சா?" என்பான். வாங்குகிறவன் "வந்துடுச்சு" என்ற பிறகுதான் விடுவான். கை வெட்டுப்படாமல் இருக்க யாரோ எப்போதோ ஏற்படுத்தியது. பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட நாங்கள் அதை மீறியதில்லை.

என் வீடு ஒற்றை அறை. ஒரு நாற்காலி, ஒரு மரப்பெட்டி. நாற்காலியில் அவன், பெட்டியில் நான். முதலில் ஈரத்துணியால் செடிப்பால், பிசின் எல்லாம் துடைப்பேன். பிறகு அரம். அரத்தை ஒரே பக்கமாகத்தான் தள்ள வேண்டும், இழுக்கக்கூடாது. சாய்மானம் முதலிலிருந்து கடைசிவரை மாறக்கூடாது. பிறகு கல், பிறகு உலர்ந்த துணி, கடைசியில் எண்ணெய் கொஞ்சம் தொட்டுப் பூசுவது. அரை மணி நேரம் ஆகும். நான் முக்கால் மணி ஆக்குவேன். அவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பான்.

"அண்ணே, நீங்க பொண்ணு பாக்கப் போயிருந்தா அவளையும் சுண்டிப் பாத்துட்டுதான் சரின்னு சொல்லியிருப்பீங்க."

நான் சிரிக்கமாட்டேன். அவன் போன பிறகு நினைத்துச் சிரிப்பேன். அவன் போனால் அந்த அறையில் ஈ பறந்தாலும் கேட்கும். உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, மேசையில் படம் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

ஒரு சாயங்காலம் வந்தவன் கத்தியைக் கொடுக்காமல் பையைப் பிரித்தான். உள்ளே புது அரம், புதுக் கல்.

"இதை எப்படிப் பிடிக்கிறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்கண்ணே. அக்கா வீட்டுக்காரர் அவங்க ஊர்ல கிடங்கு வேலை பாத்து வெச்சிருக்காரு. வீட்டைச் சுத்தி ஒரே புதராம். அங்க வந்து நீங்களா கூர் போடப் போறீங்க?"

"எப்போ போற?"

"இந்த மாசத்தோட சரி. இனிமே உங்களுக்கும் தொந்தரவு இல்ல."

தொந்தரவு என்றான். அரத்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன், சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு வரவில்லை. "சரி விடுங்க, கடைசி ரெண்டு வாரம் நீங்களே போடுங்க" என்று சிரித்துக்கொண்டே கத்தியை நீட்டினான். வந்துச்சா என்றான். வந்துடுச்சு என்றேன்.

கூரான கத்தியால் விபத்து நடக்கும் என்று நினைப்பார்கள். மழுங்கிய கத்திதான் ஆபத்து. கூர் இருந்தால் மரத்தைக் கவ்வும். இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு வந்த வேகத்தில் எங்கேயாவது போகும். விசில் இடது காலை முன்னால் வைத்து, உள்பக்கமாக வீசுகிறவன். அப்படி வீசாதே என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன், கேட்கவில்லை. அதனால் எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியும். நுனியிலிருந்து ஒரு கை அகலம் தள்ளித்தான் வெட்டு விழும். அந்த இடத்தில் மட்டும் அரத்தைத் தட்டையாகப் பிடித்துக் கூரைத் தேய்த்து எடுத்தேன். பிறகு கல்லால் மினுக்கிவிட்டேன். பார்த்தால் முன்னைவிட நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் அவனிடம் கொடுத்தேன். வந்துச்சா என்று கேட்டேன். கத்தியைப் பார்க்காமலே வந்துடுச்சு என்றான். கொடிகள் இருந்த பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். வெட்டி வெட்டி மறுபடி முளைத்த பழைய கட்டைகள் இருந்த பக்கத்தை அவனுக்கு விட்டேன். இரும்பாக இறுகிக் கிடப்பவை. கொஞ்ச நேரத்தில் விசில் நின்றது.

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வெட்டு, எலும்பு தெரிகிற அளவுக்கு. என் சட்டையைக் கிழித்துக் கட்டி, வண்டி நிற்கும் இடம்வரை முதுகில் சுமந்து போனது நான்தான். மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அக்காவின் மாமியார் படுத்த படுக்கை, அக்காவால் உடனே கிளம்பி வர முடியவில்லை. போனில் அழுதாள். "நீங்க இருக்கீங்கன்னுதான் நான் கொஞ்சம் தைரியமா இருக்கேன் அண்ணே" என்றாள். நல்ல பெண், பெரிய துணிக்கடைக்குத் துணி வெட்டுகிறவள். நான் இன்னொரு நாற்காலி வாங்கினேன். ஐயா, அந்த வாரங்களைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன். காலையில் கண் விழித்தால் அறையில் இன்னொரு ஆள் மூச்சு விடும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான். கிடங்கு வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. அவன் வாடிப்போனான். நான் சமாதானம் சொன்னேன்.

ஆனால் காயம் ஆறிக்கொண்டு வந்தது. ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்துவிட்டான். "இன்னும் பத்தே நாள்ணே. அப்புறம் அக்கா ஊருக்குப் போயி வேற வேலை தேடிக்கிறேன்" என்றான். அன்று விசிலடித்தான்.

இரும்புக்கு எதிரி ஈரம். இரும்புக்கு மட்டும் இல்லை. கட்டு எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும் என்று நர்ஸம்மா என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். நான் மறந்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம், மறக்கவில்லை. கட்டு மாற்றும்போது துணியை நனைத்துப் பிழிந்து வைத்தேன். கத்தி துடைக்கும் துணிதான். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான், பார்க்கப் பயம் அவனுக்கு. "எரியுதுண்ணே" என்பான். "ஆறும்போது அப்படித்தான்" என்பேன். நம்பினான். மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தது. நினைவு தப்பியதும் நான் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. வண்டி பிடித்து ஓடியதும் நான்தான். முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா வந்தாள். அவன் சாமான்களை எடுத்துப்போக என் வீட்டுக்கு வந்தவள் கண்ணில் அந்தக் கத்தி பட்டது. விபத்து நடந்த அன்று மேற்பார்வையாளர் கொண்டு வந்து கதவருகே ஆணியில் மாட்டிவிட்டுப் போனது, அப்படியே தொங்கியது. உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். கத்தரி பிடிக்கிற கை.

"தானா மழுங்கினா அங்கங்கதானே மழுங்கும்? இது என்ன, அடிக்கோல் வெச்ச மாதிரி ஒரே சீரா இருக்கு?"

சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை வருடத்தில் என் கைவேலையைப் பார்த்துப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

இத்தனை வாரம் கையெட்டும் தூரத்தில் தொங்கியதே, நாலு இழுப்பு இழுத்தால் தடயமே இருந்திருக்காதே, ஏன் விட்டுவைத்தாய் என்று நேற்று கேட்டீர்கள். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அவன் அதை என் கையில் கொடுக்கவே இல்லையே. எப்படித் தொடுவேன்? அது தப்பு இல்லையா?

அவனை வெறுத்தாயா என்றும் கேட்டீர்கள். இல்லை. அவன் காலில் வெட்டு விழ வைத்தது நான்தான், காயத்தை அழுக வைத்ததும் நான்தான், இரண்டையும் தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெறுப்பு என்று எங்கேயும் எழுதாதீர்கள்.

கத்தியை அவனிடம் காட்டினீர்களாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதை என் கண்ணுல காட்டாதீங்க, எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னானாம். அவன் அப்படித்தான், கூர் இல்லாத கத்தியைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது. என்னிடம் கொண்டு வரட்டும், சரி பண்ணித் தருகிறேன். நீங்கள் சும்மா வைத்திருக்கும்வரை எண்ணெய் மட்டும் தடவி வையுங்கள்.

பார்வையாளர் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. இன்னொன்று போடச் சொல்லுங்கள் ஐயா. இதுவரை வரவில்லை, ஆனால் வருவான். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டு எங்கே போய்விடுவான்?