தம்பியைக் கொன்றவனை நடக்க வைத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, வேலை நேரம் முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் மருத்துவமனைத் தோழர்களே, முதல் வரிசையில் மகளை இழந்து அமர்ந்திருக்கும் அம்மா, சுவரோரம் நெருக்கியடித்து நிற்கும் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும்.

பேசுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. நான் எக்ஸ்ரே பிரிவில் இருப்பவன். "மூச்சை அடக்குங்க, விடுங்க" என்ற இரண்டு சொல்லோடு என் பேச்சு முடிந்துவிடும். ஆனால் இன்று பேசியாக வேண்டும். ஏனென்றால் எங்கள் மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சையாளர், இந்தச் சபையின் வாலிபர் கூட்டத் தலைவி, நோயாளிகளும் பிள்ளைகளும் ஒன்றுபோல "இன்னொரு தடவை அக்கா" என்று அழைத்த நம்மைவிட்டுப் பிரிந்துவிட்ட அந்தப் பெண்மணியை அருகில் நின்று அதிகம் பார்த்தவன் நான்தான்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று மருத்துவமனைக்காரர்களுக்குத் தெரியும். கையை உயர்த்தச் சொல்வார். உயர்த்திவிட்டு "போதுமாம்மா?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே "இன்னொரு தடவை" என்பார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் ஒருநாள் வலி தாங்காமல், "இந்தப் பொண்ணு பரலோகத்துல பாத்தாலும் நம்மளை விடாது போல" என்று சத்தம் போட்டார். அவர் இப்போது தடி இல்லாமல் நடக்கிறார். இந்தக் கூட்டத்துக்கும் நடந்துதான் வந்திருக்கிறார்.

இனி நான் சொல்லப்போவது பலருக்குப் பாதி மட்டும் தெரிந்த கதை. சம்பந்தப்பட்டவனே "முழுசா சொல்லுங்கண்ணே" என்றான். அம்மாவிடமும் கேட்டுக்கொண்டேன். அதனால் சொல்கிறேன்.

அக்காவுக்கு ஒரே தம்பி. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். ஒரு மாலை வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது, சந்தை வளைவில் ஒரு பார்சல் வேன் அவர்மேல் மோதியது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. வேன் சுவரில் இடித்து நின்றது. ஓட்டி வந்த இளைஞனுக்குத் தொடை எலும்பு உடைந்தது. "அவர்தான் திடீர்னு குறுக்க வந்தார்" என்று அவன் போலீசில் சொன்னான். வேறு சாட்சி இல்லை. ஊரும் அதையே பேசியது. மகன் போன துக்கத்தோடு, மகன்தான் கவனமில்லாமல் செத்தான் என்ற பேச்சையும் அந்த அம்மா சுமந்தார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் அந்த இளைஞனின் காலை எக்ஸ்ரே எடுத்தவன் நான். அடுத்து அவன் போகவேண்டிய அறை எது? எங்கள் மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சைக்கு இருந்தது ஒரே அறை. அதில் இருந்தது ஒரே ஆள்.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "வேற ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கச் சொல்றேன்மா. நீ பாக்க வேணாம்."

"அது எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும். இந்தக் காலை வச்சுக்கிட்டு அவனால தினமும் போக முடியாது. இப்ப அசைக்கலைன்னா முட்டி அப்படியே நின்னுடும்ணே" என்றார்.

முதல் நாள் அவரால் முடியவில்லை. கை கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் குழாயை மூடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கால்மேல எனக்குக் கோபம் வரலைண்ணே. அவன் மூஞ்சியைப் பாக்கத்தான் முடியல" என்றார். பிறகு உள்ளே போனார். முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியை மட்டும் பார்த்தார். அடுத்த நாளும் முட்டியை மட்டுமே பார்த்தார். பல வாரங்கள் அப்படித்தான் போயின.

ஒருநாள் அவனே கேட்டான். "அக்கா, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். மடக்கு."

"என்னைப் பாத்தா உங்களுக்கு வெறுப்பா இல்லையா?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். "யாரு சொன்னா இல்லைன்னு? தினமும் காலையில வெறுப்போடதான் எந்திரிக்கிறேன். ஆனா ஆண்டவர் என்னை மன்னிச்சிருக்கார்னு சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டு வரேன். அது நிஜமா, சும்மா வாய்ப்பேச்சான்னு உன் முட்டியிலதான் எனக்குத் தெரியணும்."

நான் எக்ஸ்ரே படத்தைக் கொடுக்க வந்து வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

அவன் அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே சொன்னான். "உங்க தம்பி குறுக்க வரலைக்கா. அவர் ஓரமாதான் போனார். நான் போனைப் பாத்துட்டு ஓட்டினேன்."

அக்கா அவன் காலிலிருந்து கையை எடுத்தார். முக்காலியில் உட்கார்ந்தார். அவரிடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? அந்தக் காலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்திருந்தால், நம்மில் யார் அவரைக் குறை சொல்லியிருப்போம்?

அவர் எழுந்தார். மறுபடி முட்டியைப் பிடித்தார். "இதை என்கிட்டச் சொன்னா பத்தாது. எங்கம்மாகிட்டச் சொல்லணும். போலீஸ்ல சொல்லணும்" என்றார்.

"ஜெயில்ல போட்டுருவாங்கக்கா."

"போடட்டும். நான் வந்து பாக்கறேன். இப்ப மடக்கு."

அவன் ஊன்றுகோலோடு அவர் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே நின்று சொன்னான். அம்மா முழுவதும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அக்காவும் ஒருபோதும் சொன்னதில்லை. "அம்மாவை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. மன்னிக்கச் சொல்லி அடுத்தவங்க கழுத்துல கத்தி வைக்கிறது விசுவாசம் இல்ல" என்பது அவர் வாக்கு.

பிறகு அவன் காவல் நிலையம் போனான். வழக்கு நடந்தது. தண்டனை கிடைத்தது. இறந்தவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று நீதிமன்றம் சொன்ன அன்று, அக்கா தன் தம்பியின் படத்தைத் துடைத்து மறுபடி கூடத்தில் மாட்டினார்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வாலிபர் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். ஒரு பெண் எழுந்து, "மன்னிச்சிட்டேன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்குக்கா ஜெயிலுக்கு அனுப்பினீங்க?" என்று நேராகவே கேட்டாள்.

அக்கா சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது. "மன்னிப்புன்னா நடந்தது ஒண்ணுமில்லைன்னு சொல்றதுன்னு நினைச்சியா? ஒண்ணுமில்லைன்னா ஆண்டவர் எதுக்குச் சிலுவையில சாகணும்? பாவத்தைப் பாவம்னு சொன்ன இடத்துலதான் அவர் நம்மை அணைக்கக் கையை நீட்டினார். பொய்யை மூடிவச்சிட்டு நான் மன்னிச்சா, அது என் தம்பிக்கும் துரோகம், அந்தப் பையனுக்கும் துரோகம்."

மன்னிப்பையும் நியாயத்தையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர் அவர். ஒன்றைப் பிடிக்க இன்னொன்றைக் கீழே போட்டவர் அல்ல.

சொன்னபடியே சிறைக்குப் போய் அவனைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனிடம் முதலில் கேட்டது, "உக்காந்து எந்திரிக்கிறியா, இல்ல சோம்பேறியா கிடக்கிறியா?" என்பதுதானாம். அவனே சொல்லிச் சிரித்தான்.

தண்டனை முடிந்து வந்தவன் ஒரு சனிக்கிழமை எங்கள் கூட்டத்தின் வாசலில் வந்து நின்றான். பிள்ளைகள் அவனுக்குப் "பார்சல்" என்று பெயர் வைத்தார்கள். "நம்ம கூட்டத்துக்கு வந்த பார்சல், திருப்பி அனுப்ப முடியாது" என்றார்கள். பெற்றோர் சிலர் சிரிக்கவில்லை. ஜெயிலுக்குப் போனவனோடு எங்கள் பிள்ளைகள் உட்காருவதா என்றார்கள். மூப்பர் கூட்டம் கூடியது. அவனைக் கொஞ்ச காலம் வரவேண்டாம் என்று சொல்லலாமே என்று பேச்சு வந்தது. அக்காவை அழைத்துக் கேட்டார்கள். வாலிபர் கூட்டத்தின் துணைத் தலைவன் என்ற முறையில் நானும் போயிருந்தேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஞாயிற்றுக்கிழமை நாம எல்லாரும் எழுந்து நின்னு, பாவமன்னிப்பு உண்டுன்னு நம்பறோம்னு சத்தமாச் சொல்றோம். அந்த வரியை எடுத்துடுங்க ஐயா. எடுத்துட்டுச் சொல்லுங்க, அன்னைக்கே அவனை நான் அனுப்பிடறேன்."

தையற்கடை வைத்திருக்கும் நம் மூத்த மூப்பர்தான் பதில் சொன்னார். இதோ மேடையில் இருக்கிறார். "வரி இருக்கட்டும்மா. பையனும் இருக்கட்டும்" என்றார். ஐயா, அந்த ஒரு சொல்லுக்கு இந்த வாலிபர் கூட்டம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

பிறகு அக்காவுக்கே புற்றுநோய் வந்தது. எலும்பில் பரவிய பிறகுதான் தெரிந்தது. அதைக் காட்டிய எக்ஸ்ரே படத்தை எடுத்ததும் நான்தான். அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படம் நல்லா எடுத்திருக்கீங்கண்ணே" என்றார்.

எத்தனையோ பேரை நடக்க வைத்தவரால் எழுந்து நிற்க முடியாமல் போனது. அப்போது தினமும் வந்து அவரைத் தாங்கிப் பிடித்து அறைக்குள் நடத்தியவன் யார்? பார்சல்தான். அம்மா அறையில் இருப்பார்கள். அவன் வந்தால் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஒருநாள் அவன் பிடித்த விதத்தில் அக்காவுக்கு வலித்து, முனகிவிட்டார். அம்மா சட்டென்று திரும்பி, "அந்தப் பக்கம் பிடிக்காதே. இடது பக்கம் வா. அங்கதான் அவளுக்கு வலி இல்ல" என்றார்கள். கதவைச் சாத்திய நாளுக்குப் பிறகு அம்மா அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் இடது பக்கம் வந்து பிடித்தான். அக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் தோள் குலுங்கியது. அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியாது.

கடைசி வாரத்தில் பிள்ளைகள் போய்ப் பார்த்தபோது, ஒருத்தி அடக்க முடியாமல், "பயமா இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டாள். "வலிக்குப் பயமா இருக்கு. சாவுக்கு இல்ல. ஆண்டவர் ஆவியா மட்டும் எழும்பி வரலை, கை கால் காயத்தோட உடம்பா எழும்பினார். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் ஜனங்களோட முட்டியையும் முதுகையும் பிடிச்சுவிட்டேன். மண்ணுக்குத்தான் போகுதுன்னா எதுக்கு அவ்வளவு பாடுபடணும்? இந்த உடம்பு அவருக்கு வேணும்" என்றார். இதைவிடத் தெளிவான உபதேசம் எனக்குத் தெரியாது.

அன்பானவர்களே, அழுவதற்கு நேரம் இருக்கிறது. முடிவு எடுப்பதற்கும் இது நேரம். தலைவி இல்லை, புதிய தலைவர் வரும்வரை வாலிபர் கூட்டத்தை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு யோசனை இருப்பதாக அறிகிறேன். அன்போடு சொல்கிறேன், நிறுத்த மாட்டோம். ஒரு சனிக்கிழமைகூட நிறுத்த மாட்டோம். அக்கா எங்களுக்குப் பாட்டும் விளையாட்டும் மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நிறுத்தலாம். ஆண்டவர் நம்மைத் தேடி வந்தார் என்றும், நமக்காக மரித்தார் என்றும், உயிரோடு எழுந்தார் என்றும் சொல்லி, அதை நம்பினால் எப்படி வாழவேண்டும் என்றும் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதை எப்படி நிறுத்துவது? யார் வந்தால் சங்கடமோ அவரைத்தான் முதலில் அழைப்போம். உண்மையை மூடிவைக்க மாட்டோம். உண்மை சொன்னவனைத் தெருவில் விடவும் மாட்டோம். இது நான் மட்டும் கொடுக்கும் வாக்கு அல்ல. சுவரோரம் நிற்கும் பிள்ளைகள் இன்று மதியம் கூடி, எல்லோரும் ஒப்புக்கொண்ட வாக்கு.

வருகிற சனிக்கிழமை கூட்டத்தைப் பார்சல் நடத்துவான். அவன் முடியாது என்றுதான் சொன்னான். நாங்கள் விடவில்லை.

இதை அறிவிக்கும் முன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "நான் அவனை இன்னும் மன்னிக்கலைப்பா. மன்னிச்சேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார்கள். சரிம்மா என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"எத்தனை மணிக்குக் கூட்டம்?" என்று கேட்டார்கள்.

ஐந்து மணிக்கு, அம்மா. நாங்கள் வந்து அழைத்துப் போகிறோம்.