வெண்கட்டி வட்டம்

என் அண்ணன் ரிஃபாஸ் நானாவின் கார் இரண்டு நாளும் பதினாறு மணித்தியாலமும் நன்றாக ஓடியது. வியாழன் மாலை ஐந்து மணிக்குக் கராஜிலிருந்து வந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிவரை அதில் ஒரு குறையும் இல்லை. சேர், இந்தக் கணக்கை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஆட்கள் முன்னால் அதிகம் கதைப்பதில்லை. மெதுவாகச் சொல்கிறேன்.

கார் இருபது வருடம் பழையது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் அதில் உண்டு. சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடும். அழுத்தி மிதித்தால் விக்கும், இழுவை போய்விடும். கராஜ்காரர் அலியார் பாஸ் கம்பியூட்டரைப் பொருத்திப் பார்த்தார். 'மிஸ்ஃபயர்', பெற்றோல் சரியாக எரியவில்லை என்று காட்டியது. பிளக்கை மாற்றினார், பிறகு பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை மாற்றினார். எங்கள் ஊர்த் தில்லையடித் தெருக்களில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்தத் தெருக்களில் யாரும் அழுத்தி மிதிப்பதில்லை.

நான் பௌதிகவியல் படித்தவள். அந்த வியாழனுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தபோது, காற்று நுழையும் வாயை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, ரப்பர் குழாய்களில் சவர்க்கார நுரை பூசினேன். சூப்பர்சார்ஜருக்கு அடுத்த குழாயின் அடிப்பக்கத்தில் நுரை கொப்பளித்தது. நகத்தளவு வெடிப்பு. கார் அளந்து எடுத்த காற்று அதால் வெளியேறுகிறது. அந்த அளவுக்கு ஊற்றிய பெற்றோல் மிஞ்சி, சரியாக எரியாமல் விக்குகிறது. துடைத்துவிட்டு வெடிப்பைச் சுற்றி, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியால் வட்டம் போட்டேன். எல்லாவற்றையும் கடுதாசியில் எழுதி நானாவிடம் கொடுத்தேன்.

அவர் அதைக் கராஜில் எல்லாருக்கும் கேட்க வாசித்தார், என் குரல் மாதிரிக் குரலை மெலித்து. நான் காருக்குள் இருந்தேன்.

"சோப்பு நுரையாம் பாஸ். காரக் குளிப்பாட்டி இரிக்கா."

"தங்கச்சிக்கு மாப்புள பாருங்க ரிஃபாஸ். உடுப்புக் கழுவ நுரை தேவப்படும்," என்றார் அலியார் பாஸ்.

ஏழு பேர் சிரித்தார்கள். எண்ணினேன்.

வியாழன் கார் வந்ததும் நானா சொன்னார்: "கொயில்தான் புள்ள. உன்ட நுரையெல்லாம் ஒண்டுமில்ல."

கழற்றிய பழைய சாமானைப் பத்திரிகையில் சுற்றி டிக்கியில் வைப்பது அலியார் பாஸின் பழக்கம். நாணயமான ஆள் என்று ஊர் சொல்வது அதனால்தான். ஞாயிறு காலை மதினியின் பைகளை ஏற்றும்போது பொட்டலத்தைப் பிரித்தேன். கொயில் இல்லை. குழாய். என் வட்டம் அழியாமல் இருந்தது.

அதை எடுத்துப்போய்க் காட்டினேன். நானா பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும். பாஸ் செல்லித்தான் தந்தாரு. பொம்புளப் புள்ள கண்டுபுடிச்சதெண்டு கராஜுக்குள்ள செல்லேலுமா? அவருக்கும் ஒரு மரியாத இரிக்கித்தானே. போ, போய்க் கையக் கழுவு."

அப்போது மணி ஒன்பது.

ஒன்பதரைக்குச் சிலாபத்துக்குப் புறப்பட்டார்கள். "ஸும்ரா, நீயும் வாறியா?" என்று மதினி கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். மதுரங்குளி தாண்டி, தேங்காய் லொறியை முந்தும்போது கார் விக்கியது. எதிரே பஸ். நானா அந்த இடத்திலேயே மௌத். மதினி ஆஸ்பத்திரியில், செவ்வாய்க்கிழமை.

முந்துவார் என்று நான் நினைக்கவில்லை. வழியில் கார் இழுக்காமல் திரும்பி வருவார், எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்பார் என்றுதான் நினைத்தேன். என் கடுதாசி உங்கள் மேசையில் இருக்கிறது. கடைசி வரியைப் பாருங்கள்: 'லொறியை முந்தும்போது இழுவை போனால் உயிராபத்து.' அந்த வரி வருமுன்பே அவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

புதுக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தது என்று அலியார் பாஸைப் பதினொரு நாளாக பொலிஸ் மறியலில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அவர் கிளிப்பை இறுக்க மறக்கும் ஆள் இல்லை. முதல் தடவை பிழையைக் கண்டுபிடித்தது நான், பெயர் அவருக்குப் போனது. இந்தத் தடவையும் அவர் பெயரைத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை, சேர்.

திருத்தி எழுதுங்கள். ஞாயிறு ஒன்பது மணிக்கு, நானா பாண் சாப்பிட்டு முடிப்பதற்குள், பொனட்டைத் திறந்து அந்தக் கிளிப்பை இரண்டரைச் சுற்றுத் தளர்த்தியது நான்.