ஆபீசர் உட்கார்ந்த சேர்

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் திடீரென்று, “நல்ல சேர்ல உக்கார வெச்சதுல எனக்கு ஊடு போயிருச்சுங்கக்கா” என்றாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“எந்தச் சேரு?” என்றாள் மூத்தவள்.

“உங்கூட்டுச் சேருதானுங்க. ஊடில்லாதவங்களுக்கு ஊடு குடுக்க ஆபீசரு பாக்க வாராருன்னாங்க. வர்றவரத் தார்ப்பாய்க் குடிசைக்குள்ள எங்க உக்கார வெக்கறது?”

“சேரு மட்டுமா வாங்கிட்டுப் போன? வெள்ளி மாதிரி டம்ளரு, பூப்போட்ட பெட்சீட்டு...”

“பெட்சீட்ட மேல கட்டித் தார்ப்பாய்க் கிழிசல மறைச்சனுங்க. நெறைவாக் காப்பி குடிச்சாரு. ‘வசதியாத்தான இருக்கறீங்க’ன்னு சொல்லி, ஊடு தேவையில்லைன்னு எழுதிட்டாரு.”

“கெட்டுது போ! மழைக்குப் புள்ளைங்களோட எங்கூட்டுக்கு ஓடியாந்தத சொன்னியா?”

“வந்தவர்கிட்ட அழுமூஞ்சியாவா பேசறது? அப்பறம் ஆபீசுக்கே போய்க் கெஞ்சினேன். நாளைக்கு மறுக்கா வாராருங்க.”

“இந்தவாட்டி வெறுந்தரையில உக்கார வெய்யி புள்ள!”

புதுச்சத்திரத்தில் இறங்க எழுந்தபோதுதான் இளையவள் சொன்னாள்.

“ஊடு தேடி வர்றவரத் தரையிலீங்களா? உங்க மாட்டுக் கட்டுத்தரையில கால் ஒடஞ்ச சேரு கெடக்குதே, அதக் குடுங்க.”

“உக்காந்தா மல்லாக்க வுளுந்துருவாரு!”

“வுளுவட்டுங்கக்கா. பெட்சீட்டு கட்ட மாட்டேன். மல்லாக்கப் பாத்தா வானம் தெரியுமில்லீங்க?”