ஹவுஸ் ஓனர் பார்க்கிறார்

தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மதியக் காட்சி பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

“நான் வீட்டைக் காலி பண்ணப் போறேன்ட்டி” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“ஒரு திகில் படத்தைப் பாத்துட்டா?”

“படத்துல அந்த ஹவுஸ் ஓனர் சுவத்துல ஓட்டை போட்டு, குடியிருக்கவங்களைப் பாத்துப் பாத்து ஒவ்வொருத்தரா கொல்லுதான்லா. எங்க ஹவுஸ் ஓனர் அண்ணாச்சியும் அப்படித்தான் பாக்காரு. நேத்து, ‘என்னம்மா, குக்கர் சத்தமே கேக்கலியே, சமைக்கலியா’ங்காரு.”

“சரி, கொன்னுட்டாரா?”

“சிரிக்காதட்டி. தனியா இருக்கவ நான்.”

“போன ஆடியில காய்ச்சல்ல மயங்கிக் கிடந்தியே, கதவை உடைச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?”

“அண்ணாச்சிதான்.”

“நீ உள்ள கிடக்கது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

பஸ் குற்றாலத்தில் நின்று கிளம்பியது. ஜன்னலோரம் இருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

“வாசல்ல பால் பாக்கெட் ரெண்டு நாளா எடுக்காம கிடந்துச்சாம். அதைப் பாத்திருக்காரு.”

“பாத்தியா, அங்கனயும் கண்ணு! பொல்லாத மனுசன்ட்டி.”

ஜன்னலோரத்துக்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது அவள் போன் அடித்தது.

“சொல்லுங்க அண்ணாச்சி… சாரல் விழுதா? துணியை எடுத்து வச்சிட்டீங்களா?… ஆமா, படத்துக்குத்தான் வந்தேன்… குடும்பப் படம்தான் அண்ணாச்சி… ஐயோ, இல்ல இல்ல, நீங்க பாக்க வேண்டாம்.”