பேர் தெரியாத அத்தித்தடி

அந்தக் கதவைத் திறக்காதேங்கோ பிள்ளை! பாத்ரூமுக்குப் போக வேணுமெண்டால் கொஞ்சம் பொறுங்கோ, நான் முதல்லை போய் அதுகளைத் தூக்கி வைக்கிறன். பிடேக்குள்ளை என்ரை மனுசன் ஊறப் போட்டிருக்கிறார். ஓம், குண்டி கழுவுற தொட்டிக்குள்ளைதான். அத்தித்தடி. நீங்கள் சிரிக்கிறியள், எனக்கு ஓங்காளிக்குது.

சரி, பிறகு போறியளோ? அப்ப இருங்கோ. ஐயோ, உந்தக் கதிரையிலை வேண்டாம், அதுக்குக் கீழை கப்புகள் கிடக்கு. கால் பட்டால் மனுசன் ஒப்பாரி வைப்பார். இஞ்சாலை இருங்கோ. தேத்தண்ணிக்குப் பால் விடவோ? பயப்பிடாதேங்கோ, மாட்டுப்பால்தான். அத்திப்பால் என்ரை கையிலை மட்டும்தான். பாருங்கோ, எப்பிடித் தடிச்சுப் போய்க் கிடக்கெண்டு. அவற்றை தடியைத் தொட்ட சீலையைத் தோய்ச்சனான், அவ்வளவுதான். பொலிதேயாமாப் பக்கம் நான் வேலை செய்யிற வீட்டுக்காரச் சிஞ்ஞோரா கண்டிட்டு, குகனா, இது தொத்துற வருத்தமோ எண்டு கேட்டா. கையுறை போட்டுத்தான் பாத்திரம் கழுவ வேணுமாம். மரியாதையைப் பாத்தியளே!

பாசலோ? ரெடியா இருக்கு, பிரிட்ஜுக்கை. ஈரப் பேப்பரிலை சுத்திப் பிளாஸ்டிக் பைக்கை. பாரமில்லை. உங்களோடை போனிலை தேனொழுகக் கதைச்சிருப்பார், என்ன? தங்கச்சி, ஒரு சின்னப் பாசல், டென்மார்க்கிலை ஒரு சிநேகிதற்றை மகளுக்கு எண்டு. எனக்கும் அதைத்தான் சொன்னவர். நிரோசினி எண்டு ஒரு பிள்ளை வரும், எடுத்துக் குடுத்துவிடு எண்டிட்டு வேலைக்குப் போட்டார்.

மொண்டெல்லோவிலை கடற்கரையோரம் ஒரு வில்லாவிலை தோட்ட வேலை. அந்த வீட்டுக்காரருக்கு மலைப்பக்கம் ஒரு பழைய வீடும் இருக்கு, இதே சிசிலிக்குள்ளை மதோனியேயிலை. இஞ்சை நாங்கள் ஜக்கெட்டைத் திறந்து விட்டுக்கொண்டு திரியிற மாசத்திலை அங்கை முழங்காலுக்குப் பனி கொட்டும். அங்கை போன இடத்திலை ஒரு அத்தியைக் கண்டிட்டார். பனிக்கை நிண்டு கருகாத மரம், ஆவணியிலை போய்ப் பாத்தால் பழுத்துக் கொட்டிக் கிடக்குதாம். அண்டைக்குப் பிடிச்ச விசர்தான்.

ஆற்றை மரம், என்ன சாதி, ஒண்டும் தெரியாது. அந்த ஊர்ச் சனத்துக்கும் தெரியாது. தெருவோரம், இடிஞ்ச மதில், எங்கை கண்டாலும் காரை நிப்பாட்டி ஒடிக்கிறது. பேர் இல்லாதபடியால் இடத்தின்ரை பேரை எழுதி ஒட்டுவார். பெற்றோல் செட்டு. பழைய பாலம். ஒருநாள் புளி எடுக்கப் பிரிட்ஜைத் திறக்கிறன், ஒரு பையிலை சவக்காலை மதில் எண்டு எழுதிக் கிடக்கு. சவக்காலையிலை, பிரேதம் புதைக்கிற இடத்திலை வளந்த மரம் பிள்ளை! எதைக் குடிச்சு வளந்திருக்கும்? அதின்ரை தடி என்ரை மோர்மிளகாய்க்குப் பக்கத்திலை! அண்டைக்கு முழுக்க நான் சாப்பிடேல்லை.

வேர் விடுறதைப் பாத்திருக்கிறியளோ? பாக்காதேங்கோ. கண்ணாடிக் கப்புக்கை வெள்ளை வெள்ளையாப் புழு நெளியிற மாதிரி வரும். மனுசன் அதைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுக்கொண்டு, இஞ்சை பாரப்பா, இஞ்சை பாரப்பா எண்டுவார். சிலது வேர் விடாது. பூஞ்சணம் பிடிச்சு, சளி மாதிரி அழுகி, புளிச்ச நாத்தம். பிறகு அந்த மண்ணிலை இருந்து பொடி இலையான் கிளம்பி நேரை சோத்துக் கோப்பைக்குத்தான் வரும். இந்தப் பிரான்காச்சோவிலை எங்களுக்கு ரண்டறை வீடு. அதிலை ஒரு அறை தடியளுக்கு.

விக்கிறதோ? விக்கிறதெண்டால் நான் வாய் திறக்க மாட்டன். சும்மா குடுக்கிறது. ஜெர்மனியிலை இருந்து கேக்கினம், கனடாவிலை இருந்து கேக்கினம், குளிர் தாங்குமோ அண்ணை, பழம் வருமோ அண்ணை எண்டு. லீவிலை வாற சனம் எல்லாம் சப்பாத்தோடை வீட்டுக்கை ஏறி, தடியை வாங்கிக்கொண்டு, நான் குடுத்த வடையையும் திண்டிட்டுப் போகும். கோபாலசிங்கம் எண்டு ஒருத்தர், இஞ்சத்தை ஆள்தான், கோயிலிலை முன்னுக்கு நிப்பார். வேர் பிடிச்ச கண்டொண்டை வாங்கிக்கொண்டு போய், கோபால் கோல்ட் எண்டு தன்ரை பேரை வைச்சுப் பேஸ்புக்கிலை போட்டிட்டார். தானே கண்டுபிடிச்ச இனமாம்! எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. இவர் என்ன சொன்னார் தெரியுமே? விடப்பா, பேரிலை என்ன கிடக்கு, பூர்வீகம் ஆருக்கு வேணும், குளிரைத் தாங்கி நிண்டு காய்ச்சால் அது நல்ல மரம் எண்டார்.

அந்த வாய் பிள்ளை. அதே வாய்.

எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறா. உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். ஜெனனி. இஞ்சை பிறந்து வளந்தவள், கோவம் வந்தால் தமிழ் நிண்டு போய் சிசிலியன்தான் வரும். செட்ரிக் எண்டு ஒரு பெடியனை விரும்பினாள். மொரிசியஸ்காரப் பெடியன். அவையின்ரை பூட்டன், பாட்டன் எல்லாம் எங்கடை ஆக்கள்தான், தேருக்குக் காவடி எடுக்கிற குடும்பம். பெடியனுக்குத் தமிழ் வராது, அவ்வளவுதான். கை நிறைய வேலை, வாய் நிறைய அன்ரி. என்னைக் கண்டால் பையை வாங்கிக்கொண்டு நாலு மாடியும் ஏறி வருவான்.

இவர் குதிச்ச குதி! பேரே தமிழில்லை, ஆற்றை ஆக்கள், என்ன பூர்வீகம், எந்த மண் எண்டு. தெரியாத வித்தொண்டை வீட்டுக்கை விடமாட்டனாம். பெட்டை அவனோடை போய்க் கலியாணத்தை எழுதினாள், பிறகு டென்மார்க்குக்குப் போட்டாள். இவர் என்ரை கையைப் பிடிச்சுச் சாமிப்படத்துக்கு முன்னாலை நிப்பாட்டினார். நீ அவளோடை கதைச்சால் நான் உயிரோடை இருக்க மாட்டன் எண்டார். அந்த நேரம் அவருக்கு நெஞ்சு வருத்தம் வேறை. நான் பயந்திட்டன். எட்டு வருசம் பிள்ளை. போன் அடிக்கும், அவள்தான் எண்டு தெரியும், அடிச்சு ஓயுமட்டும் பாத்துக்கொண்டிருப்பன். பிறகு அடிக்கிறதும் நிண்டு போச்சு.

இல்லை, அழேல்லை. அழுகிற கட்டம் எல்லாம் முடிஞ்சுது. குடியுங்கோ, ஆறுது.

போன ஞாயிறு ரொசாலியா மாதாவிட்டை மலையேறிப் போட்டு வந்தனான். கால் நோவு, செருப்பை வெளியிலை கழட்டிப் போட்டு மெல்லமா உள்ளுக்கை வாறன். மனுசன் பல்கனியிலை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறார். போனைக் கப்புக்குக் கிட்டப் பிடிச்சு ஆருக்கோ வேர் காட்டுறார். தண்ணி கனக்க விடாதை குஞ்சு எண்டுறார்.

குஞ்சு எண்டு அவர் உலகத்திலை ஒரு ஆளைத்தான் கூப்பிட்டவர்.

அவளின்ரை குரல். கொஞ்சம் தடிச்சுப் போச்சு, ஆனால் அவள்தான். போன வருசம் அனுப்பின தடி மதிலோடை நல்லா வந்திட்டுதாம். சின்னவன் முதல் பழத்தைக் கடிச்சுப்போட்டுத் துப்பினவனாம். சிரிக்கிறாள். சின்னவனாம்! எனக்கொரு பேரன் இருக்கிறான் பிள்ளை. அத்திப்பழம் துப்பின கதையிலைதான் எனக்கு அது தெரிய வருது.

பிறகு அவள் கேக்கிறாள், அம்மா எப்பிடி இருக்கிறா அப்பா எண்டு. இவர் ஒரு பெருமூச்சு விட்டார். விட்டிட்டுச் சொல்லுறார், கொம்மா இன்னும் கோவத்திலைதான் இருக்கிறா குஞ்சு, உன்ரை பேரை எடுக்கவும் விடுறா இல்லை, நான் என்ன செய்ய எண்டு.

ஓம். நான்தானாம். நான்தான் விடேல்லையாம்.

சவக்காலைத் தடி என்ன, பிடே என்ன, அதெல்லாம் கழுவிப் போடலாம் பிள்ளை. இதை எதாலை கழுவுறது? அண்டைக்கு இரவு அந்த மனுசனுக்குப் புட்டவிச்சு, மீன் குழம்பும் வைச்சுக் குடுத்தன். நல்லாயிருக்கப்பா எண்டு திண்டார். அந்த வாய் அசையிறதைப் பாத்துக்கொண்டிருந்தன்.

ஏனெண்டு அவரைக் கேக்கேல்லை. கேட்டால் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கதிரையிலை சரிவார். பிறகு டொக்டர், மருந்து, நான்தான் கால் பிடிச்சு விட வேணும். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு நான் போன் எடுத்து, எந்தப் பிளேன், ரோமிலை மாறுறியளோ எண்டெல்லாம் கேட்டனெல்லோ. தடி வாடிப் போயிடுமோ எண்டுதான் கேக்கிறன் எண்டும் சொன்னன். அது பொய். மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

சரி, எழும்புவம், பஸ்ஸுக்கு நேரமாகுது. நில்லுங்கோ, பாசலை உங்கடை பைக்கை வைக்காதேங்கோ. தாங்கோ, நான் வைக்கிறன். கதவுக்குப் பின்னாலை என்ரை பை நிக்குது. ஓம், நானும்தான் வாறன். உங்களுக்குப் பக்கத்திலை சீட் கிடைக்கேல்லை, பின்னுக்குத்தான். பெர்மெஸ்ஸோ எண்ட விசாக் காட், பாஸ்போட் எல்லாம் எடுத்திட்டன். பேரனுக்குக் கொஞ்சம் பயத்தம் பணியாரம், அவன் என்ன வயசெண்டு தெரியாது, கடிப்பான்தானே?

சிநேகிதற்றை மகளெண்டது அவள்தான், பாசல் வாங்க எயார்போட்டிலை வந்து நிப்பாள். நீங்கள் முன்னாலை போங்கோ பிள்ளை, நான் கொஞ்சம் பிந்தி வாறன். அம்மா கோவத்திலை இல்லையெண்டு ஆரும் ஒரு ஆள் முதல்லை போய் அவளுக்குச் சொல்ல வேணும்.